சீயா மறுபடி பிறப்பாரா, மோட்சம் போவாரா?

கேள்வி: நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பெண். கணவர் சிங்கள பௌத்தர். மஹரகமவில் மாமியோடு இருக்கிறோம். அண்மையில் மாமா காலமானார். இறந்தவர் பெயரில் பிக்குமாருக்கு உணவு கொடுக்கும் ஏழாம் நாள் தானத்துக்குச் சமையல் எல்லாம் நான்தான் நின்று பார்த்தேன். ஆனால் பிக்குமார் ஓத ஓதக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றும்போது கணவர் என்னையும் கூப்பிட, நான் தயங்கி விலகிவிட்டேன். மாமிக்கு அது பெரிய மனவருத்தம். என் அம்மாவோ, "ஞானஸ்நானம் பெறாதவருக்கு மோட்சம் இல்லை, நீ அதில் கை வைத்தால் உனக்கும் பாவம்" என்கிறார். மாமாவைச் சீயா, மாமியை ஆச்சி என்று கூப்பிடுகிற எட்டு வயது மகன் ஞானஸ்நானம் பெற்றவன், ஞாயிறு மறைக்கல்விக்குப் போகிறவன். "சீயா திரும்பப் பிறப்பார் என்று ஆச்சி சொல்கிறா, நீங்கள் மோட்சம் என்கிறீர்கள், எது உண்மை?" என்று விடாமல் கேட்கிறான். கணவர் கனத்தை மயானத்தில்கூட அழவில்லை. அவரிடம் கேட்டால், "எல்லாச் சமயமும் ஒன்றைத்தான் சொல்கிறது, விடு" என்று எழுந்து போய்விடுகிறார். அடுத்து மூன்று மாதத் தானம் வருகிறது. நான் என்ன செய்வது?
— ஒரு மருமகள், மஹரகம

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் வீட்டில் ஆளுக்கொரு பதில் இருக்கிறது. அவற்றில் எனக்கு அதிகம் இடறுவது உங்கள் கணவருடையதுதான். கொழும்பில் கலப்புக் கல்யாணம் செய்த குடும்பங்களோடு உளவளத்துணையாளராக வேலை செய்கிற எனக்கு அது பழகிப்போன வசனம். சண்டை வராமல் இருக்க நல்ல வசனம்தான். ஆனால் அது சரியில்லை என்பதை எட்டு வயதுப் பிள்ளையே கண்டுபிடித்துவிட்டான். மனிதர் ஒரே முறைதான் இறக்கிறார், பிறகு தீர்ப்பு என்கிறது பைபிளில் உள்ள எபிரேயர் திருமுகம். பிறவித் தொடருக்கு முதல் நுனியே தெரியவில்லை என்கிறார் புத்தர். இரண்டையும் ஒன்றென்று சொன்னால் இரண்டு பேர் சொன்னதையும் நாம் காதில் வாங்கவில்லை என்றுதான் அர்த்தம்.

இதை முன்பே நேருக்கு நேர் பேசித் தீர்க்கப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் வளர்ந்த இடத்தில், சாந்த லூசியா பேராலயத்துக்குக் கிட்டவே தீபதுத்தாராமய பன்சலை (பௌத்த விகாரை) இருக்கிறதல்லவா, அங்கே இருந்தவர்தான் மிகெட்டுவத்தே குணானந்த தேரர். 1873 ஓகஸ்ட் 26, 28 ஆகிய இரண்டு நாட்கள் பாணந்துறையில் கூடியிருந்த பெரிய சனத்துக்கு முன்னால் அவர் மெதடிஸ்ட் போதகர் டேவிட் டி சில்வாவோடு வாதிட்டார். அன்று போதகர் வைத்த முக்கியமான கேள்வி இன்று உங்கள் மகன் கேட்கிற கேள்விதான், கொஞ்சம் கூர்மையாக: ஆன்மா இல்லை என்கிறீர்களே, சாகும்போது உடலும் உணர்வும் எல்லாம் அழிகிறது என்கிறீர்களே, அப்படியானால் மறுபடி பிறப்பது யார்? செய்தவன் ஒருவன், அனுபவிப்பவன் இன்னொருவன் என்றால் அதில் என்ன நியாயம்? தேரர் சொன்ன பதில் பழைய பௌத்தப் பதில்: அவனேயும் அல்ல, வேறொருவனும் அல்ல.

தமிழ் வாசகர்களுக்கு இந்த இடத்தில்தான் வழுக்கும். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். மறுபிறவி என்றதும் நம் ஆட்களுக்கு மனதில் வருவது, ஒரு ஆன்மா ஒரு உடலை விட்டு இன்னொன்றுக்குள் போகிற படம். பௌத்தம் அதை ஏற்பதில்லை. பழைய பௌத்த நூலொன்றில் மிலிந்த மன்னனுக்கு நாகசேன தேரர் சொன்ன விளக்கு உவமை பலருக்குத் தெரிந்திருக்கும். இரவு முழுக்க எரிகிற விளக்கில் முதல் சாமத்துச் சுடரும் கடைசிச் சாமத்துச் சுடரும் ஒன்றா, வேறா? ஒன்றிலிருந்து ஒன்று பற்றிக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான். ஆகவே ஆச்சி "சீயா திரும்பப் பிறப்பார்" என்று பிள்ளைக்குச் சொல்லும்போது, அதே சீயா அதே சிரிப்போடு எங்கோ ஒரு தொட்டிலில் கிடக்கிறார் என்ற நினைப்பு அவனுக்கு வந்தால், அது பௌத்தம் சொல்வது அல்ல.

உங்கள் பக்கத்திலும் அதே கதைதான். "மோட்சத்துக்குப் போய்விட்டார்" என்பது கிறிஸ்தவ நம்பிக்கையில் பாதி. விசுவாச அறிக்கையில் உடலின் உயிர்ப்பை நம்புகிறேன் என்று சொல்கிறீர்களே, மற்றப் பாதி அதுதான். உயிர்த்த இயேசு கைகளையும் கால்களையும் காட்டி, வேகவைத்த மீன் துண்டை வாங்கிச் சீடர் முன்னால் சாப்பிட்டார் என்று லூக்கா எழுதுகிறார். ஆவி மட்டும் மேலே போகிற சமயத்துக்கு மீன் எதற்கு? கிறிஸ்தவம் எதிர்பார்ப்பது இந்த ஆளை, இந்த உடம்போடு, இந்தப் பெயரோடு திரும்பப் பெறுவதை. திருத்தூதர் பவுல் சாவை "கடைசிப் பகைவன்" என்று கூப்பிடுகிறார்.

பௌத்தத்துக்குச் சாவு பகைவன் அல்ல. பிறப்பு இருக்கிற இடத்தில் அதுவும் இருக்கும். துக்கத்துக்கு வேர் பற்று. பற்று அறுந்தால் பிறப்பும் இல்லை, இறப்பும் இல்லை. மரண வீட்டு வெள்ளைப் பதாகைகளில் "அனிச்சா வத சங்காரா" என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். புத்தர் பரிநிர்வாணம் அடைந்தபோது தேவர்களின் தலைவன் சக்கன் சொன்னதாக வரும் அடி அது. தோன்றியவை எல்லாம் நிலையற்றவை, தோன்றித் தோன்றி மறைகின்றன, அவை அடங்குவதே சுகம் என்று அந்தப் பாடல் முடிகிறது. ஆக, கிறிஸ்தவர் வேண்டுகிற நித்திய வாழ்வு பௌத்தர் பார்வையில் இன்னும் அறுபடாத ஆசை. பௌத்தர் நாடுகிற நிப்பானம் (நிர்வாணம்) கிறிஸ்தவர் பார்வையில் வெறும் இல்லாமை போலத் தோன்றும். அது வெறும் அழிவு என்று சொன்னவர்களைப் புத்தரே மறுத்தார் என்பதையும் சொல்லவேண்டும். ஆனாலும் இடைவெளி இடைவெளிதான்.

அதைத் தமிழிலேயே பார்க்கலாம். மணிமேகலை பௌத்தக் காப்பியம். அதில் கோதமை என்றொரு தாய் வருகிறாள். அவளுடைய மகன் சார்ங்கலன் சுடுகாட்டு வழியே தனியாக வந்து, பேய் ஆடுவதைக் கண்டு பயந்து, ஓடிவந்து செத்துப்போகிறான். கண் தெரியாத கணவனை வைத்துக்கொண்டு அவள் சம்பாபதித் தெய்வத்திடம், என் உயிரை எடுத்துக்கொண்டு பிள்ளையைத் தா என்று மன்றாடுகிறாள். தெய்வம் மறுக்கிறது. அவள் விடவில்லை. கடைசியில் எல்லாத் தேவர்களையும் அங்கே வரவழைத்துக் காட்டுகிறது. போன உயிரை மீட்பது எங்களால் ஆகாது என்று அவர்களும் அதையே சொல்கிறார்கள். லூக்கா நற்செய்தியில் நயீன் ஊர்க் கைம்பெண்ணும் ஒரே மகனைப் பறிகொடுத்தவள்தான். அங்கே இயேசு பாடையைத் தொட்டு, எழுந்திரு என்கிறார், பையன் எழுந்து உட்கார்ந்து பேசுகிறான். இரண்டு தாய்மாருக்கும் அழுகை ஒன்றுதான். கிடைத்த பதில் நேரெதிர். இதைச் சமன்செய்யப் பார்க்காதீர்கள். மாமியும் நீங்களும் ஒரே வீட்டில் இருக்க இது சமனாகவேண்டிய தேவையும் இல்லை.

இனித் தண்ணீர் ஊற்றும் விஷயம். நீங்கள் தள்ளி நின்றதால் கிட்டத்தில் பார்த்திருக்க மாட்டீர்கள். தட்டில் ஒரு கிண்ணம், கையில் மூக்கு வைத்த பாத்திரம். வீட்டார் எல்லாரும் பாத்திரத்தில் கை வைத்துக்கொண்டோ, பிடித்திருப்பவரின் கையைத் தொட்டுக்கொண்டோ மெதுவாக ஊற்றுவார்கள். கிண்ணம் நிறைந்து தட்டில் வழிகிற வரைக்கும் ஊற்றவேண்டும். அப்போது ஓதுகிற பாளி வரிகளின் கருத்து இது: நிறைந்த ஆறுகள் கடலை நிரப்புவது போல, இங்கே கொடுத்தது இறந்தோருக்குச் சேரட்டும். யாரையும் கடவுளாகக் கும்பிடுகிற சடங்கு இது அல்ல. தானத்தால் வந்த புண்ணியத்தை மாமாவுக்குப் பங்கு கொடுக்கிறார்கள்.

இதில் பௌத்தத்துக்குள்ளேயே ஒரு முடிச்சு இருக்கிறது, எனக்குப் பிடித்த முடிச்சு. இலங்கைப் பௌத்தர் பின்பற்றுகிற தேரவாதப்படி கடைசிச் சித்தம் அணைந்ததும் அடுத்த பிறவி உடனே தொடங்கிவிடுகிறது, நடுவில் காத்திருக்கும் இடம் கிடையாது. பிறகு ஏழாம் நாள் எதற்கு, மூன்றாம் மாதம் எதற்கு? ஜாணுஸ்ஸோணி என்ற பிராமணர் ஏறத்தாழ இதைத்தான் புத்தரிடம் கேட்டார். கொடுத்தது எல்லாருக்கும் போய்ச் சேராது, பிரேத நிலையில், அதாவது பசியோடு அலையும் ஆவியாய்ப் பிறந்து, இருப்பவருக்குத்தான் சேரும் என்றார் புத்தர். நமக்கு வேண்டியவர் அங்கே இல்லாவிட்டால்? அங்கே இருக்கிற மற்றச் சொந்தக்காரருக்குச் சேரும். அப்படி யாருமே இல்லாவிட்டாலும் கொடுத்தவருக்குப் பலன் உண்டு. கணக்கு எப்படிப் போனாலும் பிக்குமாருக்குச் சோறு கிடைத்துவிடுகிறது!

உங்கள் பக்கம் திரும்புங்கள். மக்கபேயர் இரண்டாம் நூலில் யூதப் படைத்தலைவர் யூதா, போரில் இறந்தவர்களின் பாவத்துக்காகக் காசு சேர்த்து எருசலேமுக்குப் பலி ஒப்புக்கொடுக்க அனுப்புகிறார். 31ஆம் நாள் திருப்பலியும் நவம்பர் 2ஆம் திகதி கல்லறையில் மெழுகுதிரி ஏற்றுவதும் அந்த வழியில் வருபவை. புரொட்டஸ்தாந்து பைபிளில் அந்த நூல் இல்லை, இறந்தோருக்காகச் செபிப்பதும் அவர்களிடம் பொதுவாக இல்லை. ஆக இந்த ஒரு விஷயத்தில் கத்தோலிக்கர் மெதடிஸ்டுகளைவிடப் பௌத்தர்களுக்குக் கிட்ட நிற்கிறார்கள். டேவிட் டி சில்வா கேட்டிருந்தால் கோபப்பட்டிருப்பார். இதிலும் ஒரு வித்தியாசம் உண்டு. நீங்கள் கேட்பது கடவுளிடம், கொடுப்பதும் கொடுக்காததும் அவர் இரக்கம். மாமி யாரிடமும் கேட்கவில்லை. தான் செய்த நல்லதைக் கணவரின் பெயரில் வைக்கிறார்.

உங்கள் அம்மா சொல்வதற்குச் சுருக்கமான பதில் போதும்: திருச்சபை அப்படிச் சொல்லவில்லை. தங்கள் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல், மனச்சாட்சி காட்டியபடி நேர்மையாய் வாழ்ந்தவர்களும் மீட்பு அடையலாம் என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் எழுதி வைத்தது. அடுத்த வருடம் வந்த அறிக்கை பௌத்தத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அந்தச் சமயங்களில் உண்மையும் புனிதமுமாய் இருக்கிற எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்றும் சொல்கிறது. திருப்பலியின் நான்காம் நற்கருணை மன்றாட்டில், யாருடைய நம்பிக்கையை இறைவன் மட்டும் அறிவாரோ அந்த இறந்தவர்களுக்காகவும் வேண்டுகிறார்கள். மாமா அந்த வரியில் இருக்கிறார் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அம்மாவைக் குறை சொல்லவும் வேண்டாம். அவர் சின்ன வயதில் கேட்ட பிரசங்கம் அப்படி இருந்திருக்கலாம்.

மகனிடம் வருவோம். "எது உண்மை?" என்ற கேள்விக்கு உடனே பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று பதறாதீர்கள். வச்சகோத்தன் என்ற துறவி ஒருநாள் புத்தரிடம் வந்து, ஆன்மா உண்டா என்று கேட்டார். புத்தர் பேசவில்லை. அப்படியானால் இல்லையா என்றார். அதற்கும் பேசவில்லை. வந்தவர் எழுந்து போய்விட்டார். பக்கத்தில் இருந்த சீடர் ஆனந்தர் ஏன் பேசவில்லை என்று கேட்க, இல்லை என்று சொல்லியிருந்தால், முன்பு இருந்த என் ஆன்மா இப்போது இல்லாமல் போய்விட்டதே என்று ஏற்கெனவே குழம்பியவர் இன்னும் குழம்பியிருப்பார் என்றார் புத்தர். யோவான் நற்செய்தியில், இயேசுவை விசாரிக்கிற உரோமை ஆளுநர் பிலாத்து, "உண்மையா? அது என்ன?" என்று இயேசுவிடம் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் வெளியே போகிறான். இரண்டு கதையிலும் கேட்டவர் எழுந்து போகிறார், ஆனால் காரணம் வேறு. கிறிஸ்தவத்தில் உண்மை ஒரு ஆள். "வழியும் உண்மையும் வாழ்வும் நானே" என்றவர் முன்னால் நிற்கும்போதே பிலாத்து திரும்பி நடக்கிறான். பௌத்தத்தில் உண்மை ஒருவர் நடந்து பார்த்துத் தானே காணவேண்டியது. கேட்பவருடைய நிலை பார்த்துத்தான் அதைச் சொல்லவேண்டும், சில வேளை சொல்லாமலும் விடவேண்டும்.

உங்கள் பிள்ளையின் நிலையை முதலில் கேட்டறியுங்கள். சாவு பற்றிப் பிள்ளைகள் கேட்கிற கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். தன் ஆச்சி செத்த பிறகு ஒரு சிறுமி வீட்டுச் சுவரில் இருந்த பல்லியை யாரும் விரட்டக்கூடாது என்று அழுதாள். பற்று வைத்த ஆள் வீட்டிலேயே பல்லியாய்ப் பிறப்பார் என்று யாரோ பெரியவர் சிரித்துக்கொண்டு சொன்னது அவள் மனதில் விழுந்திருந்தது. உங்கள் மகனுக்கும் அப்படி ஏதாவது இருக்கலாம். சீயா என்னை மறந்துவிடுவாரா என்பதாக இருக்கலாம், அடுத்தது நீங்களா என்பதாகவும் இருக்கலாம். "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் சும்மா இருங்கள்.

அப்புறம் இப்படிச் சொல்லலாம்: "சீயா திரும்பப் பிறப்பார் என்று ஆச்சி நம்புகிறா. நான் சீயாவைக் கடவுள் கையில் கொடுத்திருக்கிறேன், ஒருநாள் அவரைப் பார்ப்பேன் என்று நம்புகிறேன். இரண்டும் ஒன்றல்ல. ஆச்சி பொய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நீ பெரியவனாகி இன்னும் கேட்கலாம்." அவனை நீங்கள் மறைக்கல்விக்கு அனுப்புகிறீர்கள், ஆகவே உங்கள் நம்பிக்கையை "நான் நம்புகிறேன்" என்று தயங்காமல் சொல்லுங்கள். செய்யக்கூடாதது ஒன்றுதான்: ஆச்சி சொன்னது சரியா பிழையா என்று அவனை நீதிபதியாக உட்காரவைப்பது. அம்மம்மா வீட்டுக்குப் போகும்போதும் இதைக் கவனியுங்கள்.

தானத்தில் என்ன செய்வது? நான் குருவானவர் அல்ல. திருச்சபைச் சட்டம் பற்றிய சந்தேகத்தைப் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். என் அபிப்பிராயம் வேண்டுமென்றால், பாத்திரத்தில் கை வைப்பதால் நீங்கள் எந்த விசுவாச அறிக்கையும் செய்யவில்லை. அந்த நேரம் மனதுக்குள் உங்கள் செபத்தைச் சொல்லலாம். ஆனால் மனம் உறுத்துகிறது என்றால் செய்யாதீர்கள். பிக்குமாருக்குப் பரிமாறுங்கள், மத்தியானத்துக்கு முன் அவர்கள் சாப்பிட்டு முடிக்கவேண்டும் என்பதால் அங்கே கை உதவி எப்போதும் தேவைப்படும். புத்தர் சிலைக்குப் பூ வைக்கும்போது மாமி சொல்கிற பாளியையும் ஒருநாள் கேட்டுப் பாருங்கள். இந்தப் பூ வாடுவது போல என் உடம்பும் அழியும் என்று அதில் வருகிறது. சாம்பல் புதனன்று உங்கள் நெற்றியில் சாம்பல் பூசும்போது மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்று சொல்கிறார்களே, அதற்கு இது தூரமில்லை. அந்த வரிக்குப் பிறகு நீங்கள் போவது உயிர்ப்பு ஞாயிறை நோக்கி, மாமி போவது வேறு திசையில்.

மாமாவுக்காக ஒரு திருப்பலியும் ஒப்புக்கொடுங்கள், மாமியையும் கூப்பிடுங்கள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் செவ்வாய்க்கிழமை நிற்கிற கூட்டத்தில் எத்தனை பௌத்தர் என்று உங்களுக்கே தெரியும், மாமிக்கு இது அதிசயமாக இராது.

கடைசியாகக் கணவர். அவர் அழாததைப் பௌத்தத்தின் கணக்கில் எழுதாதீர்கள். புத்தர் மறையப்போகிறார் என்று தெரிந்ததும் ஆனந்தர் கதவுப் பக்கம் சாய்ந்து நின்று அழுதார். புத்தர் அவரைக் கூப்பிட்டு, அழாதே, பிரியமானவை எல்லாம் பிரியும் என்று முன்பே சொல்லவில்லையா என்றார். சொன்ன கையோடு, இவ்வளவு காலம் அன்போடு என்னைப் பார்த்துக்கொண்டாய் என்று எல்லார் முன்னாலும் புகழ்ந்தார். செத்துப்போன நண்பர் லாசரை உயிரோடு எழுப்பப்போகிற இயேசுவும் எழுப்புவதற்கு முன் அழுதார். உங்கள் கணவர் "எல்லாம் ஒன்று, விடு" என்று எழுந்து போவது சமயக் கருத்தாக எனக்குப் படவில்லை. அப்பாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் உடைந்துவிடுவோம் என்ற பயமாக இருக்கலாம். ஆகவே இனிமேல் பௌத்தம் என்ன சொல்கிறது என்று அவரிடம் கேட்காதீர்கள். ஏழாம் நாள் தண்ணீர் ஊற்றும்போது என்ன நினைத்தீர்கள் என்று கேளுங்கள். பிள்ளை தூங்கிய பிறகு கேட்பது நல்லது. அன்றைக்கு நீங்கள் ஏன் விலகினீர்கள் என்பதையும், மூன்று மாதத் தானத்தில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்யமாட்டீர்கள் என்பதையும் இந்தக் கிழமையே மாமியிடம் சொல்லிவிடுங்கள். கூட்டத்துக்கு நடுவில் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் அவருக்கு வலித்திருக்கும்.